கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதன்முதலாக ஒரு பெண்ணைக் கங்காணியாகப் போட்டபோது, அவரைப் பழக்கிவிடும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் வெளிக்கள உத்தியோகத்தர். எனக்கு இருபத்தெட்டு வயது, அவருக்கு நாற்பத்தாறு. அவர் இருபத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். நான் ஒருநாளும் கூடை மாட்டியவள் இல்லை. உயர்தரம் படித்திருந்தேன், சிங்களத்தில் அறிக்கை எழுதுவேன். அவ்வளவுதான் என் தகுதி. யார் யாரைப் பழக்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அப்படி ஒரு கேள்வி தோன்றவில்லை. அவர் என்னை மிஸ் என்பார். நான் அக்கா என்பேன்.

பதிவேடு நிரப்பச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் அவருக்கே தெரிந்திருந்தது. யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்வார்.

ஒருநாள் பகல் மலைக்கு மேலே இடி இடித்ததும், நேரம் ஆகுமுன்பே எல்லாப் பெண்களையும் கீழே இறக்கிவிட்டார். மின்னல் எங்கும் விழவில்லை. அரை மணி நேரத்தில் வெயில் வந்துவிட்டது. தோட்டத்தை நடத்தும் துரை என்னை ஒபிசுக்குக் கூப்பிட்டு, உன் கங்காணிக்கு மணி பார்க்கத் தெரியாதா என்று சிங்களத்தில் கேட்டார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்கு வந்து நின்ற அத்தனை பெண்களுக்கும் முன்னால், அதை அப்படியே அவர்மேல் கொட்டினேன்.

“அக்கா, இனிமே எதுன்னாலும் எனக்கு போன்ல கோல் எடுத்துக் கேளுங்க. நான் சொன்னப்புறம் செய்யுங்க. நீங்களா எதையும் முடிவெடுக்காதீங்க.”

“சரிங்க மிஸ்,” என்றார். அவருக்குக் கீழே வேலை செய்யும் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் கோல் வந்தது. “மிஸ், மேல் மலைய முடிச்சாச்சு, அடுத்த மலைக்குப் போகட்டுங்களா?” “மிஸ், ஒரு புள்ளைக்கு வயித்து வலி, வீட்டுக்கு அனுப்பட்டுங்களா?” வீட்டில் இருப்பவர்களிடம் சலித்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. துரையிடம், இப்போது நல்லபடியாக வழிக்கு வந்துவிட்டார் என்று சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அவர் என்னை நுவரெலியாவில் நடந்த பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினார்.

நமக்குக் கீழே வேலை செய்பவர்களை வளர்த்துவிடுவது எப்படி என்பதுதான் பட்டறை. ஹோட்டல் மண்டபத்துக்குள் நுழையும்போதே எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு தட்டில் வைத்துக்கொண்டார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் எங்களைக் குழு குழுவாகப் பிரித்து, பெரிய தாளும் கலர் பேனையும் தந்தார். எங்கள் குழுவின் சார்பில் நான்தான் எழுந்து பேசினேன். அவர்களை நம்ப வேண்டும், முடிவெடுக்க விட வேண்டும் என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு விட்டபோது போனை எடுத்தேன். அக்காவிடமிருந்து பதினொரு மிஸ்ட் கோல். எல்லாம் பத்து நிமிடத்துக்குள். ஒபிசுக்கு எடுத்தேன். மலையில் குளவி கொட்டிவிட்டது, நாலு பேரை வலப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள், உங்கள் கங்காணிக்குத்தான் மோசம் என்றார்கள். சரி என்று வைத்தேன். பிறகு மேசையில் போய் உட்கார்ந்து, தட்டில் போட்டிருந்த சோற்றை முழுவதும் சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பசி இருந்ததாகவும் நினைவில்லை.

நடந்ததைப் பின்னால் அந்தப் பெண்கள் சொன்னார்கள். மரத்திலிருந்த கூட்டைக் கழுகு கொத்தியிருக்கிறது. ஒன்றிரண்டு குளவிதான் முதலில் சுற்றியிருக்கிறது. இரைச்சலைக் கேட்டதுமே அக்காவுக்கு விளங்கிவிட்டது. பெண்கள், “அக்கா, எறங்கிருவோம்,” என்றிருக்கிறார்கள். “கொஞ்சம் இருங்க, மிஸ் எடுக்கட்டும்,” என்று இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பதினோராவது முறையும் நான் எடுக்காமல் போன பிறகுதான் போனை மடியில் போட்டுவிட்டு ஓடச் சொல்லியிருக்கிறார். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக இறங்கியவர் அவர்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகும்போது அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பயமும் வரவில்லை. மடியில் பட்டறையில் தந்த சான்றிதழ் இருந்தது. கசங்கிவிடக் கூடாதென்று நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வார்டில் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடியிருந்தன. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மகள் குனிந்து, “அம்மா, மிஸ் வந்திருக்காங்க,” என்றாள். அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். மகள் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள்.

“மிஸ், கோவிச்சுக்காதீங்க,” என்றார். உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகத்தான் பேச வந்தது. “நெறையத் தடவ கோல் எடுத்துப் பாத்தேங்க. ஒங்களுக்கு என்ன வேலையோ. ஒங்கள கேக்காமலே புள்ளைகள எறக்கிட்டேன்.”

மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான், அது எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

“பரவாயில்லக்கா,” என்றேன். “இந்தத் தடவ பரவாயில்ல.”

அவர் நிம்மதியாகத் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார்.