'துணை' என்றொரு கடை

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு சூப்பர் மார்க்கெட். பில் போடும் இடத்தில் எனக்கு முன்னால் ஒரு புதுமண ஜோடி. தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. அந்தப் பெண் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள் — ஷாம்பு, துவரம்பருப்பு, பிஸ்கட், ஒரு ஆணுறைப் பாக்கெட். கவுன்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஸ்கேன் செய்து பையில் போட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, நான் பார்த்தேன். வயசு அப்படி!

வீடு வந்து சேரும்வரை பஷீர் பாய் ஞாபகம்தான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. தஞ்சாவூரில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். கீழே தெரு முழுக்கக் கரகாட்டக் குழு, பேண்டு செட், நாடக செட் என்று ஆபீஸ்கள். ஆபீஸ் என்றால் என்ன? ஒரு பெஞ்ச், ஒரு போன், சுவர் நிறைய மேக்கப் போட்ட போட்டோக்கள். நடுவில் சினிமா பேனர் வரைகிற இரண்டு பேர். மாசி பிறந்தால் தெருவே வேனில் ஏறித் திருவிழாக்களுக்குப் போய்விடும். மழைக்காலம் வந்தால் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள், சண்டை போடுவார்கள், பாடுவார்கள். 'நல்ல குடும்பத்துப் பெண்கள்' அந்தத் தெருவை வேகமாகக் கடப்பார்கள். என் மாணவிகளும்தான்.

அங்கேதான் பஷீர் பாய் கடை போட்டார். அதற்கு முன் அத்தரும் ஃபேன்சி சாமான்களும் விற்றுக்கொண்டிருந்தவர். புதுக் கடையில் ஆணுறை மட்டும். வேறு ஒன்றுமே கிடையாது — ஒரு சோப்புக்கட்டி கூட! பேனர் வரைகிறவரிடம் சொல்லி, பச்சை நிறத்தில் ஒரே வார்த்தை எழுதி வாங்கி மாட்டினார்: துணை.

முதல் மாதம் ஜாதகத்தோடு வந்தவர்கள்தான் அதிகம். கல்யாண புரோக்கர் ஆபீஸ் என்று நினைத்துவிட்டார்கள்.

"ஏன் பாய், மெடிக்கல் ஷாப்லதான் இது கிடைக்குதே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கிடைக்குது டீச்சர். ஆனா யாரு கேட்டு வாங்குறா? பக்கத்துல தலைவலி மாத்திரைக்குப் பத்துப் பேரு நிப்பான். அவனுக்கு முன்னாடி வாயத் தொறக்க முடியுமா? இங்க வர்றவன் அத்தன பேரும் அதுக்குத்தான் வர்றான். அப்புறம் எதுக்குக் கூச்சம்?"

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சரி!

தெருவில் எதிர்ப்பு வந்தது. யாரிடமிருந்து என்று நினைக்கிறீர்கள்? கரகாட்டக் குழு நடத்திய தேன்மொழியிடமிருந்து. நாற்பது வயதிருக்கும். தலையில் கரகத்தோடு ஏணி ஏறுகிறவர். அன்று கடை வாசலில் நின்று அவர் போட்ட சத்தத்தில் மாடியில் எங்கள் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன.

"ஆடுறவளப் பத்தி ஊரு என்ன பேசுதுன்னு உங்களுக்குத் தெரியாதா பாய்? ஆட்டம் முடிஞ்சா எந்த ரூமுன்னு கேக்குறான். இப்ப எங்க வாசல்லயே இந்தக் கடை. பாக்குறவன் என்ன நெனைப்பான்? இந்தத் தெருவுக்கு இதுதான் வேணும்னு நீங்களே போர்டு எழுதிக் குடுத்துட்டீங்க!"

அவர் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை.

பாய் எதிர்வாதம் செய்யவில்லை. ஸ்டூலை எடுத்து வெளியே போட்டார். தேன்மொழி உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

பாயின் தம்பி வளைகுடாவில் டிரைவர். விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்தார்கள். எய்ட்ஸ் என்று ரிசல்ட் வந்ததும் உடுத்திய துணியோடு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து ஒரு வருஷம் கிடந்து இறந்துபோனான்.

"குளிப்பாட்ட ஆளு வரல தாயி. சொந்தக்காரனுங்க எல்லாம் வாசலோட நின்னுட்டானுங்க. நான் ஒருத்தனே குளிப்பாட்டுனேன். அவன் சம்சாரம் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, 'எனக்கும் இருக்காண்ணே?'ன்னு கேக்குது. நான் என்ன சொல்லுவேன்? இருந்துச்சு..."

தேன்மொழி தன் ஆபீசுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. சம்மதமும் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம். கிளாசில் யாருமில்லை. ஒரு பெண் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம். வசந்தா என்று வைத்துக்கொள்வோம்.

"டைப்பு கத்துக்க எவ்ளோ நாளாகும் மேடம்?" என்று கேட்டாள். கண் மட்டும் ஜன்னல் வழியாகக் கீழே, பாய் கடை மேலேயே இருந்தது. வாசல்வரை போயிருக்கிறாள். உள்ளே ஆம்பளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு இங்கே ஓடி வந்திருக்கிறாள்.

தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். மெல்ல மெல்லச் சொன்னாள். ஆற்றில் தண்ணீர் சரியாக வராத ஒரு வருஷம், குறுவைப் பயிர் போனதும் அவள் புருஷன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சிங்கப்பூர் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். மூன்று வருஷம் கழித்துப் பொங்கலுக்கு வரப்போகிறார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பக்கத்து ஊர்க்காரன், இந்த நோயோடு திரும்பி வந்து செத்துப்போனான்.

"அவரு நல்லவருதாங்க. எங்க பொண்ணு மேல உசிரு. ஆனா... மூணு வருசம்ங்க."

நான் கல்யாணம் ஆகாதவள். கீழே போய்த் தேன்மொழியைக் கூப்பிட்டேன். ஏன் அவரைக் கூப்பிடத் தோன்றியது? தெரியாது. வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

"வாங்குறது கஷ்டமில்ல புள்ள. நான் வாங்கித் தர்றேன். குடுக்கத்தான் முடியுமா உன்னால?"

"அதான்க்கா பயமே. இத நீட்டுனா, எவன்கிட்ட கத்துக்கிட்டேன்னு கேப்பாரு."

"கேப்பான். எவனா இருந்தாலும் அதான் கேப்பான்." தேன்மொழி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணு செய். ஒடம்பு சரியில்ல, இப்பக் குழந்த கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்குன்னு சொல்லிரு."

"பொய் சொன்னா என் மூஞ்சி காட்டிக் குடுத்துருங்க்கா."

"அப்ப உண்மையச் சொல்லு. சந்தேகமா இருக்குன்னு சொல்லாத. சந்தேகம்னா ஆம்பளைக்குக் கோவம் வரும். பயமா இருக்குன்னு சொல்லு. நான் போயிட்டா நம்ம புள்ளைக்கு யாருன்னு கேளு."

தேன்மொழி கீழே இறங்கினார். எந்தக் கடையைப் பார்த்துச் சத்தம் போட்டாரோ, அதே கடைக்குள் தெருவே பார்க்க நுழைந்து வாங்கி வந்தார். வசந்தா புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு படியிறங்கினாள்.

பொங்கல் போனது. தகவல் இல்லை. தேன்மொழி தினம் ஒரு தடவையாவது மாடியைப் பார்த்துக் கேட்பார்: "டீச்சர், அந்தப் புள்ள வந்துச்சா?"

வந்தாள். புருஷனோடு. அவர் படியேறவில்லை. கீழே பாய் கடை ஸ்டூலில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மட்டும் மேலே வந்தாள்.

"சொன்னேன் மேடம். மொத நாளே சொல்லிட்டேன். சாப்புடாம எந்திரிச்சுப் போயிட்டாரு. ரெண்டு நாளு பேச்சே இல்ல. ஊரே பொங்க வெச்சுக்கிட்டு இருக்கு, நாங்க ஆளுக்கொரு மூலையில... அப்புறம் அவரே கேட்டாரு, எங்க வாங்குனேன்னு. அந்தக் கடைக்காரரப் பாக்கணும்னாரு."

பாய் கடையைப் பூட்டிவிட்டு இருவரையும் மெடிக்கல் காலேஜுக்கு அழைத்துப் போனார். ரிசல்ட் வந்தது. அவருக்கு இருந்தது. அவளுக்கு இல்லை.

அன்று தேன்மொழி அழுததைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு, ஆட்டம் இல்லாத நாட்களில், மத்தியான நேரத்தில் 'துணை'யில் தேன்மொழிதான் உட்கார்ந்திருப்பார். பாய் தொழுகைக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்புவார். பெண்கள் வரத் தொடங்கினார்கள். முக்காடு போட்டு, தலைப்பை இழுத்துவிட்டு, கையில் காய்கறிப் பையோடு... பாதிப் பேர் எதுவும் வாங்க மாட்டார்கள். பேசிவிட்டுப் போவார்கள். அவர்கள் புருஷன்மார் துபாயில், மலேசியாவில், திருப்பூரில். ஊர் பேசியதா? பேசாமல் இருக்குமா! தேன்மொழி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வசந்தாவின் புருஷன் மறுபடி சிங்கப்பூர் போகவில்லை. குத்தகையை மீட்டு நடவு செய்தார். முடிந்தவரை வயலில் இறங்கினார். முடியாதபோது வரப்பில் உட்கார்ந்து பார்த்தார். வசந்தா என்னிடம் டைப்ரைட்டிங் படித்து, லோயர் பாஸ் செய்து, ஒரு வக்கீல் ஆபீசில் சேர்ந்தாள். மகள் வயதுக்கு வரும்வரை அவர் இருந்தார். கடைசி நாட்களில் ஒருநாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "நல்லவேள, அன்னிக்கு நீ பயந்த."

கடை இப்போது இல்லை. பாய் வயதாகி மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கடை வரிசையையே இடித்துக் காம்ப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள்.

தைரியமாக இரு என்று பெண்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பயமாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடு என்று சொல்ல, ஒரு தேன்மொழிதான் இருந்தார்!