பச்சை இருக்கா?

நாற்காலிக் கால் தரையைக் கீறாமல் இருக்க அடியில் ஒட்டுகிறார்களே, பின்பக்கம் பசை தடவிய குட்டி ஃபெல்ட் வட்டம், அதை வெட்டித்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. வெட்டுகிறவளைத் தெருவே வட்டக்காரி என்றுதான் கூப்பிடும். லேசர்தானே வெட்டுகிறது, இவளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களை ஒரு நாள் அந்த இயந்திரத்தின் முன்னாலிருக்கும் ஸ்டூலில் உட்கார வைக்க வேண்டும். பசை எந்த நொடியில் தீப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது. தீயணைப்பானும் கையுமாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்தே அவள் உடம்பு ஓய்ந்து போயிருந்தது.

முன்பு அங்கே உட்கார்ந்தவர் அவள் கணவர். ஒரு முறை, அடியில் பிவிசி ஒட்டிய ஃபெல்ட் சுருள் வந்துவிட்டது. குழாய் செய்கிற அதே பிவிசிதான். லேசர் பட்டால் நச்சுப்புகை கக்கும். அவர் சோதிக்காமல் வெட்டினார். இயந்திரம் துருப்பிடித்தது, நுரையீரலும் கெட்டது. இப்போது பின்னறைக் கட்டிலில் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு கிடக்கிறார்.

"ஒரு கம்பியச் சுட்டுப் பாக்க உங்களுக்குக் கை வலிச்சுதா?" என்று அலுப்பு வரும்போதெல்லாம் அவள் குத்திக்காட்டுவாள். அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. செம்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சுருளின் அடிப்பக்கத்தில் ஒற்றி, மறுபடி நெருப்பில் காட்ட வேண்டும். சுடர் பச்சையானால் வெட்டக்கூடாது. புதுச் சுருள் வரும்போதெல்லாம் கட்டிலிலிருந்து அவர் கேட்பார்.

அன்று மதியம் சுருள் வந்தபோது அவளுக்கு அடுப்பு வரை நடக்கவே தெம்பில்லை. மாலைக்குள் சரக்கு போயாக வேண்டும். பார்வைக்குப் பழைய சுருள் மாதிரியேதான் இருந்தது.

"பச்சை இருக்கா?"

"இல்லைங்க." நரம்பில்லாத நாக்கு, சட்டென்று சொல்லிவிட்டது.

ஃபெல்ட்டை இயந்திரத்துக்குள் விரித்து, மூடியைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

"நீ போய்க் கொஞ்சம் படு. அதான் பச்சை இல்லன்னு சொன்னியே, மத்த புகைய விசிறி இழுத்துக்கும். இத நான் பாத்துக்கறேன். உன் முகத்தப் பாக்க முடியல."

ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானுக்குக் கை நீட்டினார். அவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேணாங்க. நான் சுட்டுப் பாக்கல. சும்மா சொன்னேன்."

ஓரத்தில் ஒரு துண்டை நறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவரும் பின்னாலேயே மெல்ல வந்து நின்றார். கம்பி சிவந்தது. துண்டில் ஒற்றி நெருப்பில் காட்டினாள். சுடர் பச்சையாக எரிந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு, திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழுந்திருந்தால் தேவலை.

"அன்னிக்கு எனக்கும் இப்படித்தான் அசதியா இருந்துச்சு," என்றார் அவர்.