மூன்றாவது ஆளைக் காணோம்

போன வருடம், மழை விடாமல் பிடித்துக்கொண்ட மாதம். தெரணியகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓர் உதவியாளர் தேவை என்றார்கள். குழந்தைப் பராமரிப்பு படித்த சான்றிதழ் வேண்டுமாம். கொழும்புக்குப் போய்ப் படிக்க எனக்கு ஏது வழி? ஃபோனில் தேடினால், எங்கோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இலவசமாகவே சொல்லிக்கொடுக்கிறது! நம்பவே முடியவில்லை.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் சிக்னல் கிடையாது. கோயிலுக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால்தான் வரும். குடையும் அட்டைக் கடியுமாக அங்கே உட்கார்ந்து படித்தேன். ஆங்கிலம் பாதி புரியும். மீதியை ஃபோனே தமிழாக்கித் தரும். அந்தத் தமிழைப் புரிந்துகொள்வது தனிப் படிப்பு.

கடைசிப் பயிற்சியில்தான் மாட்டிக்கொண்டேன். அவரவர் ஊரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விதத்தைப் படத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். அதை ஆசிரியர் திருத்துவதில்லை. கூடப் படிப்பவர்கள் மூன்று பேர் திருத்தினால்தான் சான்றிதழ். நாமும் மூன்று பேருடையதைத் திருத்த வேண்டும். என் பங்கை முடித்துவிட்டேன். எனக்கு இரண்டு பேர் புள்ளி போட்டார்கள். மூன்றாவது ஆளைக் காணோம். உலகமெங்கும் இருந்து சேர்ந்தவர்கள் பாதியிலேயே கழன்றுவிட்டார்கள் போல. வகுப்பை மூடும் நாள் நெருங்கியது. காம்பரா வேலைக்கு நேர்முகத்துக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னாடி, மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?" என்றாள், பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த தோழி. சொன்னேன்.

"ஒன்னய மாதிரி அங்க எத்தன பேரு காத்துக்கிட்டு நிக்கிறாங்களோ! இங்க ஒருத்திக்கு கொழுந்து கொறஞ்சா, நிறுக்க முன்னால ஆளுக்கு ஒரு கை அவ கூடையில போடுறோம்ல? அங்கயும் போய் போடு."

"போட்டா எனக்கு என்னா கெடைக்கும்?"

"அனே, எனக்கு என்னா தெரியும்? போட்டுத்தான் பாரேன்."

அன்று மாலை பாறையில் ஏறி, திருத்த ஆளில்லாமல் கிடந்தவற்றைத் திறந்தேன். ஒருத்தி மீன்பிடித் துறைமுகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். சுவரெல்லாம் படகு வரைந்து வைத்திருந்தாள். இன்னொருவர் ஊரில் மழையே இல்லை. பிள்ளைகள் மணலில் எழுதுகிறார்கள். இதெல்லாம் எந்த ஊர்? அங்கே பிள்ளைகளுக்கு என்ன ஊட்டுவார்கள்? என் கவலையே மறந்துபோனது. சார்ஜ் தீரும்வரை திருத்தினேன். ஒவ்வொன்றின் கீழும், 'நானும் காத்திருக்கிறேன்' என்று எழுதினேன்.

அடுத்த முறை பாறையில் ஏறியபோது மூன்றாவது புள்ளி வந்திருந்தது! போட்டவள் துறைமுகத்துக்காரி. கூடவே ஒரு கேள்வி: 'உங்கள் படத்தில் குழந்தை சேலையில் தொங்குகிறதே, விழாதா? எப்படிக் கட்டுகிறீர்கள்?' சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சேலைத் தொட்டிலுக்கு முடிச்சுப் போடுவதைப் படமெடுத்து அனுப்பினேன். அது அவள் கண்ணில் படுவதற்குள் வகுப்பை மூடிவிட்டார்களோ என்னவோ, பதிலே வரவில்லை.

இப்போது காம்பராவில்தான் வேலை. தொட்டில் கட்டும்போதெல்லாம், அவளும் அங்கே ஒன்று கட்டிப் பார்த்திருப்பாளா என்று யோசிப்பேன். இன்றும் புதிதாக எந்த வகுப்பைப் படித்தாலும், முகம் தெரியாத யாரோ ஒருவரின் கூடையில் ஒரு கை கூடுதலாகப் போடாமல் அந்தப் பாறையை விட்டு நான் இறங்குவதில்லை.