வெள்ளை டேப் சுற்றிய மவுத்பீஸ்

நான் வாசிப்பது ட்யூபா. கல்மண்டபத்துப் பக்கம் ஒரு பேண்டு செட்டில், கடைசி வரிசையில், அந்தப் பெரிய பித்தளையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழ்ச்சுரம் கொடுக்கிற ஆள். சாவோ கல்யாணமோ மாதா தேரோ, ஜனங்கள் டிரம்பெட்காரனைத்தான் பார்ப்பார்கள். நான் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

போன மழைக்காலம் முழுக்க நுரையீரலில் நீர் கோத்து, ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தேன். தேறி வந்து முதல் ஒத்திகையில் ஊதினால், கீழ்ச்சுரம் வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது. மேல் சுரம் கெட்டியாக நின்றது, கீழே இறங்கினால் புஸ். மவுத்பீஸ் உதட்டில் வேறு மாதிரி பட்டது. நோயில் உதடும் இளைத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் செட் மாஸ்டர் என் தோளில் கை வைத்து, "மாமு, ஒடம்பு முக்கியம். கொஞ்ச நாளு சிம்பல் தட்டிக்கினு வா. ஒன்ன யாரு இன்னா சொல்லப்போறா?" என்றார். வைதிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? டீ கூட எனக்குத்தான் முதலில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமாகவும் இருந்தது. மூச்சு போய்விட்டது என்றால் என் பிழைப்போடு நானும் போன மாதிரிதான்.

வீட்டில் பழகிப் பார்க்கலாம் என்று ட்யூபாவை எம்.கே.பி. நகருக்கே தூக்கி வந்தேன். என் மனைவி அதை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ இல்லாதப்போ யார் யாரு வாய் வெச்சாங்களோ. குடு, வென்னீருல போட்டு எடுக்கறேன்" என்று மவுத்பீஸைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

ஊர்வலத் தள்ளுமுள்ளில் மவுத்பீஸ் கழன்று விழுந்தால் போனதுதான். அதனால் குழாய் ரிப்பேருக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை அதன் காம்பில் ஒரு சுற்று சுற்றிச் செருகுவது எங்கள் வழக்கம். அந்த டேப்பைப் பார்த்து நானும் சந்தேகப்படவில்லை. வெந்நீரில் அது பிரியப் பிரிய வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒல்லிக் காம்போடு, ட்யூபாவைவிடக் கொஞ்சம் சின்ன வாத்தியம் ஒன்றின் மவுத்பீஸ் பாத்திரத்தில் கிடந்தது. என்னுடையது இல்லை. இதில் ஊதினால் கீழ்ச்சுரம் எங்கே வரும்?

மாஸ்டருக்குப் போன் போட்டேன். "ஆமா மாமு. புளியந்தோப்பு சாவுல ஒன்னிது எங்கியோ வுயுந்து பூட்ச்சு. வேற ஒண்ணு சொருவிகினோம். சீக்காளி கைல அத்த வேற சொல்லிகினு இருக்கணுமான்னு வுட்டுட்டேன்" என்றார். அதுவும் அன்புதான்.

மறுநாள் ட்யூபாவை மடியில் வைத்துக்கொண்டு, மனைவியோடு ஆட்டோவில் பேசின் பிரிட்ஜ் பக்கம் பழைய வாத்தியக் கடைக்குப் போனேன். வாத்தியத்தை விட்டுவிட்டு மவுத்பீஸை மட்டும் வாங்குவது, காலைக் காட்டாமல் செருப்பு வாங்குகிற கதை. எங்கள் ட்யூபா பழசு, அதன் குழாய் வாய் குறுகல். புதிய மவுத்பீஸ்கள் குழாய் வாயிலேயே நின்றுவிட்டன. சில உள்ளே போய் ஆடின. இரண்டுதான் கட்டைவிரல் அகலம் இறங்கிக் கெட்டியாக நின்றன.

ஒன்று பெரிய கிண்ணம். ஊதினேன், கடைக் கண்ணாடி அதிர்ந்தது. பெருமையாக மனைவியைப் பார்த்தேன். அவள் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாணாம். மூச்சுக்கு தோளு ஏறுது" என்றாள். மற்றது கொஞ்சம் சின்னக் கிண்ணம். கீழ்ச்சுரம் அடக்கமாக, முழுசாக, காற்று கலக்காமல் வந்தது. என் மூச்சு முன்னைப் போல இல்லைதான். ஆனால் போய்விடவில்லை. அங்கேயே ஒரு முக்காலிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து வந்தது ராயபுரத்தில் ஒரு சாவு. சிம்பலைத் தொடாமல் ட்யூபாவை மாட்டிக்கொண்டேன். தெரு திரும்பும்போது கீழ்ச்சுரத்துக்கு இறங்கினேன், அசையாமல் நின்றது. நின்ற சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே ஊதிவிட்டேன் போலிருக்கிறது. மாஸ்டர் வரிசையைப் பிளந்துகொண்டு பின்னால் வந்தார்.

"யோவ் சோமாறி, டிரம்பெட்டே கேக்கல. அடக்கி ஊதுயா."

சிரித்தால் சுரம் உடைந்துவிடும். அழுதுகொண்டே ஊதினேன்.