அணைக்காமல் விட்ட லைவ்

குரோம்பேட்டையில் ஒரு புடவைக் கடை. விளம்பரப் படம் எடுக்கும் நாட்களில் அங்கே நான்தான் புடவைகளுக்கு இஸ்திரி போடுவேன். கேமரா ஒரு பக்கம் இருக்க, ஸ்டாண்டில் செல்போனை வைத்து லைவும் காட்டுவார்கள். மாடல் பெண் மூலையில் உள்ள திரைக்குப் பின்னால் போய்ப் புடவை மாற்றுவாள். நான் கூச்சப்படுகிறவன். அவள் அந்தப் பக்கம் போனதுமே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன்.

அன்றும் அப்படித்தான் நின்றேன். பம்மலில் இருந்து மனைவி போன் செய்தாள். நான் இஸ்திரி போட்ட புடவைகளைப் பார்ப்பதற்காகவே அவள் அந்த லைவைப் பார்ப்பாள்.

“யோவ், லைவ் இன்னும் ஓடிகினு கீதுய்யா! அந்தப் பொண்ணு உள்ள நிக்கிறது திரைக்குப் பக்கத்துல கீற கண்ணாடில தெரியுது. முந்தானைப் பின்னைக் கழட்டுது. ஓடிப் போய் மூடுய்யா!”

கத்த வாய் வரவில்லை. இஸ்திரி போட்ட புடவையை அள்ளிக்கொண்டு, தலை குனிந்தபடியே ஓடி ஸ்டாண்டில் இருந்த செல்போன் மேல் போட்டேன்.

“அண்ணா, இன்னாண்ணா பண்றீங்க? அடுத்து அந்தப் புடவைதான்!” என்றார் போட்டோகிராபர்.

“லைவ் ஓடுது தம்பி.”

அவர் முகம் வெளுத்தது. உடனே அதை அணைத்து, பதிவையும் அழித்தார்.

“அண்ணா, எதனா தெரிஞ்சிடுச்சா?” திரைக்குள்ளிருந்து அந்தப் பெண் அழுதாள். இன்னும் லைனில் இருந்த மனைவியிடம் கேட்டேன்.

“பின்னைத்தான் கழட்டுச்சு. புடவை தோள்லதான் இருந்துது. அழ வேணாம்னு சொல்லுய்யா.”

இப்போதும் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறேன். ஆனால் திரும்புவதற்கு முன், என் தோள் துண்டை எடுத்து அந்த செல்போனை மூடிவிடுகிறேன்.