ஆட்டத்தின் நடுவே நின்ற விரல்

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கணக்கில் மட்டும் பின்தங்கியிருந்தாள். விளையாட்டாகக் கற்றால் மூளையில் நன்றாகப் பதியும் என்று ஆசிரியை சொன்னதால், செல்போனில் ஒரு கணக்கு விளையாட்டை இறக்கிக் கொடுத்தேன்.

ஒரு நாள் நான் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். விளையாடிக்கொண்டிருந்தவளின் விரல் சட்டென்று நின்றது. கண்கள் திறந்தபடி இருந்தன. "சாமி, என்னாச்சு?" என்று செல்லமாகக் கேட்டேன். பதில் இல்லை. சில நொடிகளில் எதுவும் நடக்காததுபோல் மறுபடி விளையாடினாள்.

"கூப்புட்டது கேக்கலயா?"

"எப்பம்மா கூப்புட்டீங்க?"

சேலத்தில் மருத்துவரிடம் காட்டினோம். "இதுவும் ஒரு வகை வலிப்புதானுங்க. கவனமில்லாத புள்ளைன்னு உட்டுருவாங்க. நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க, மாத்திரையில கட்டுப்படுத்தலாம்" என்றார். எனக்கு அழுகைகூட வரவில்லை. திருச்செங்கோடு வரும்வரை பேருந்தில் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மாத்திரை தொடர்கிறது, விளையாட்டும்தான். இப்போதெல்லாம் விடை தாமதமானால் நான் அதட்டுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவள் "ம்" என்றால் போதும்.