நாக்கடியில் பத்து நிமிடம்

ஆம்பூரில் நான் தங்கியிருந்த வீட்டில் காலை ஏழு மணிக்கு ஐந்து ஆண்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வலி மாத்திரைக்கு அடிமையாகி, அதிலிருந்து மீள டாக்டர் எழுதிக் கொடுத்த வேறொரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்போம். கரையப் பத்து நிமிடம். பேசினால் மருந்து தொண்டைக்குள் போய் வீணாகிவிடும். மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பாளரும் எங்களைப்போல் மீண்டு வருபவர்தான். கடைசியாகத் தனக்கும் ஒன்று வைத்துக்கொள்வார். பேசிவிட்டவன் அன்றைக்கு எல்லார் டம்ளரையும் கழுவ வேண்டும். நான் இருமுறை கழுவியிருக்கிறேன்.

எனக்கு எல்லாம் விபத்தில் முறிந்த காலில் தொடங்கியது. பக்கத்துக் கட்டில்காரருக்கு முதுகில். தோல் தொழிற்சாலையில் ஈரத்தோல் தூக்கித் தூக்கி டிஸ்க் விலகியவர். பெரிய பேச்சுக்காரர், அந்தப் பத்து நிமிடம் அவருக்குத்தான் அதிகக் கஷ்டம். அவர் மனைவியும் மகளும் பேரணாம்பட்டில் மச்சான் வீட்டில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் போய்ப் பார்க்கலாமா என்பதை மனைவியின் தம்பியான அந்த மச்சான்தான் சொல்ல வேண்டும். "ஒரு மாத்திரைய வுட்டு இன்னொரு மாத்திரைய புடிச்சா, அது இன்னா திருந்தறது?" என்று அவர் போனில் கேட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு புதன்கிழமை, அந்த மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

"மாமா, நல்லாக்கீறியா?"

வாசலிலேயே நின்று குரலை உயர்த்தினார்.

"உன்னத்தான் கேக்குறேன்."

பொறுப்பாளரோடு சேர்த்து ஐந்து பேரும் எச்சில் தேங்கிய வாயோடு, அசையாமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலிலிருந்து அது எப்படித் தெரியும் என்று அப்போதே எனக்குப் புரிந்தது.

"காலங்காத்தாலயே எல்லாரும் ஃபுல்லா? எங்கக்காகிட்ட நான் இன்னா போய் சொல்றது?"

திரும்பிச் செருப்பை மாட்டினார். மாத்திரையைத் துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்துக் கட்டில் மாமா துப்பிவிடுவார் என்றே நினைத்தேன். துப்பவில்லை. வாசலுக்கு ஓடி, தன் வாயைக் காட்டி, ஆள்காட்டி விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றினார். பிறகு உள்ளங்கையை முன்னால் நீட்டினார்.

தோல் பதனிடும் டிரம் சுற்றும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சுகூடக் காதில் விழாது; கையால்தான் பேசிக்கொள்வார்கள். டிரம் ஓடுது, திறக்காதே என்பது அந்தச் சைகை. மச்சானும் அதே வேலைக்காரர். அவர் கை தன்னால் உயர்ந்து, எவ்வளவு நேரம் என்று கேட்டது. பதிலுக்கு நான்கு விரல்கள் வந்தன.

மச்சான் செருப்பைக் கழற்றி, என் கட்டிலில் உட்கார்ந்து, அவரும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். நேரம் முடிந்ததும் பொறுப்பாளர் செல்போன் லைட்டை அடித்து ஒவ்வொருவர் நாக்கையும் தூக்கச் சொல்லிப் பார்த்தார். மச்சானும் எட்டிப் பார்த்தார்.

"இது போட்டா போதை வராதா?"

"வராது மச்சான். உடம்பு நடுங்காது, வேலைக்குப் போலாம். இத வுட்டா மறுபடி அந்தக் கருமத்தத் தேடிப் போய்டுவேன்."

"எத்தினி நாளிக்கி?"

"தெரியல. டாக்டர் சொல்ற வரைக்கும்."

அந்த 'தெரியல'தான் அவரை நம்பவைத்தது என்று நினைக்கிறேன். அதற்கு முன் மாமா அவருக்குச் சொன்னதெல்லாம் தேதி குறித்த சத்தியங்கள்.

"அங்க வந்தாலும் காலைல பத்து நிமிஷம் பேச மாட்டியா?"

"மாட்டேன்."

"அப்ப சனிக்கெழமயே வந்து தங்கு. அக்கா ஒருநாளாவது நிம்மதியா காபி குடிக்கட்டும்."

ஒருநாள் மாத்திரையைக் கொடுத்தனுப்பலாமா என்று பொறுப்பாளர் அன்றே டாக்டரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கி வந்தார். சனிக்கிழமை மாலை மச்சானே கூட்டிப்போக வந்திருந்தார். மாத்திரையை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.